சைனீஸ் கடையில் சைவம்

எங்கட வீடுகளில் சைவம் எண்டது கோப்பையில் என்ன இருக்கு எண்டதோட முடியிற விசயமில்லை. எதில சமைச்சது எண்டதும் சேர்ந்ததுதான். மச்சச்சட்டி வேற, சைவச்சட்டி வேற. மீன்குழம்புக்குள்ள போன அகப்பை பருப்புக்குள்ள போனால் பருப்பும் போச்சு. நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் மச்சச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, கண்ணிலேயே படாத இடத்தில் ஏத்தி வைக்கிற வீடுகள் இருக்கு. இந்தக் கணக்கோட வளர்ந்த ஒராள் கொழும்பில் ஒரு சைனீஸ் கடைக்குப் போய் மெனுவைத் திறந்தால், இறால், கணவாய், கோழி எல்லாம் பக்கம் பக்கமாக ஓடி முடிஞ்ச பிறகு 'வெஜிடபிள்' எண்டு ஒரு சின்னத் தலைப்பு வரும். கீழ ஐந்தாறு வரி.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து போற கூட்டம். இரண்டு பேர் முழுச் சைவம். ஒருத்தி வெள்ளிக்கிழமைச் சைவம். மிச்ச இரண்டு பேரும் எதையும் விட்டுவைக்காத ஆக்கள். அதனால் அந்த ஐந்தாறு வரியையும் நாங்கள் ஒவ்வொண்டாக விசாரிச்சுப் பார்த்திருக்கிறம்.

கங்குன் வதக்கல் எண்டால் கீரைதானே எண்டு நினைப்பம். அதுக்கு மேல மினுங்கிற கறுப்புச் சாறு அனேகமாக ஒயிஸ்டர் சோஸ். சிப்பியிலிருந்து எடுக்கிறது. 1888 இல் தென்சீனாவின் குவாங்டொங் பக்கத்தில் லீ கும் ஷியுங் எண்டவர் செய்து விக்கத் தொடங்கினது, இண்டைக்கு உலகத்தில் சைனீஸ் சமையல் நடக்கிற குசினி எல்லாத்திலையும் இருக்கு. காளானில் செய்த சைவ ஒயிஸ்டர் சோஸும் போத்தலில் வருது, ஆனால் கடைக்காரர் அதை வாங்கி வைக்கவேணுமே. மரக்கறி சொப்சியில் கோன்ஃப்ளவர் கரைச்சு விடமுதல் ஒரு கரண்டி சூப் ஊத்துவினம். அது கோழி எலும்பு அவிச்ச தண்ணியாக இருக்கலாம். வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸில் முட்டை கேக்காமலே வரும். ஹொட் பட்டர் காளான் எங்கட கூட்டத்துக்கு உயிர். (ஹொட் பட்டர் கணவாயின்ர தங்கச்சி அது. இரண்டுமே இலங்கைச் சைனீஸ், சீனாவில் போய்த் தேடாதேங்கோ.) ஆனால் கணவாய் பொரிஞ்ச எண்ணெயிலதான் காளானும் பொரியும்.

பிறகு அந்தத் தாச்சி. பெரிய நெருப்பில் ஒரு சாப்பாடு முடிய, அடுப்பில் இருந்தபடியே தண்ணி விட்டு, மூங்கில் துடைப்பத்தால் இரண்டு சுழட்டுச் சுழட்டி ஊத்திப்போட்டு அடுத்ததைத் தொடங்குவினம். அந்தச் சமையல் அப்படித்தான் ஓடும், அதில் ஊத்தை எண்டு ஒண்டுமில்லை. ஆனால் எங்கட வீட்டுக் கணக்கில் அது மச்சச்சட்டி.

ஒருக்கா ஒரு கடையில், பெயர் வேண்டாம், மரக்கறி நூடில்ஸுக்குள்ள சின்ன இறால் ஒண்டு வந்தது. கூப்பிட்டுக் காட்டினம். பரிமாறினவர் சிரிச்சுக்கொண்டே, "ஒண்டுதானே, எடுத்து வச்சிட்டுச் சாப்பிடுங்கோ" எண்டு சிங்களத்தில் சொன்னார். எங்களில் ஒருத்தி கரண்டியை வச்சிட்டாள். பிறகு தண்ணி மட்டும் குடிச்சாள். அவருக்கு அதில் கெட்ட எண்ணம் ஒண்டும் இருந்த மாதிரித் தெரியேல்லை. அவருக்கு இறால் ஒரு பொருள், எடுத்தால் போய்விடும். அவளுக்கு அது எடுத்தாலும் போகாது. இதைச் சிங்களத்தில் விளங்கப்படுத்த எங்கள் ஒருவருக்கும் சொல் வரேல்லை. "மஸ் எப்பா, மாளு எப்பா, இஸ்ஸோ எப்பா, பித்தர எப்பா, ஒயிஸ்டர் சோஸ் தாண்ட எப்பா" எண்டு வரிசையாகச் சொல்லலாம். அதுக்கு மேல ஏன் எண்டு சொல்ல வேற பாஷை வேணும். ஒரு மேசைத் தமிழ்ப் பெடியள் இவ்வளவு கேள்வி கேட்டால் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும் எண்ட கூச்சம் வேற. அந்தக் கூச்சத்திலேயே கேக்காமல் வெறும் சோறும் சோயா சோஸும் சாப்பிட்டு எழும்பின ஆக்களை எங்களுக்குத் தெரியும்.

விசயம் என்னெண்டால், சீனச் சமையலுக்குச் சைவம் புதுசில்லை. 6ஆம் நூற்றாண்டில் லியாங் அரசன் வூ, பிக்குமார் மச்சம் சாப்பிடக்கூடாது எண்டு நிண்டவர். இண்டைக்கும் அங்க பக்தியான ஆக்கள் சந்திர மாதத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். அதாவது அமாவாசையும் பூரணையும்! எங்கட அம்மம்மாமாருக்கு விளக்கமே தேவைப்படாது. விகாரைச் சமையலில் உள்ளி, வெங்காயம்கூட இல்லை. விலக்கின ஐந்து பொருளில் பெருங்காயமும் ஒண்டு எண்டு சொல்லுவினம். அவையின்ர கணக்கில் எங்கட சாம்பார் தேறாது. கோதுமை மாவைக் குழைச்சுத் தண்ணியில் அலசி, மாப்பால் போக மிஞ்சிற பசையைத் தாரா இறைச்சி மாதிரிச் சமைக்கிற வித்தையும் அவையிட்ட இருக்கு. சோயாமீற் சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு அதில் என்ன அதிசயம்? ஆனால் நாங்கள் போன கடை ஒண்டின்ர மெனுவிலும் இந்தப் பக்கம் இல்லை. மச்சச் சாப்பாட்டிலிருந்து மச்சத்தைக் கழிச்சுப்போட்டு அதுக்குச் சைவம் எண்டு பெயர். விலையில் மட்டும் பெரிசாக ஒண்டும் கழியாது.

விலை எண்டவுடன் பில். ஐந்தாகப் பிரிச்சால் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவள் நண்டுக்கும் காசு குடுப்பாள். கேட்டால் கஞ்சத்தனம், கேக்காட்டி நட்டம். அதனால் எங்களுக்குள்ள ஒரு சட்டம்: மச்சத்தைத் தனியாகக் கூட்டிப் பிரிக்கிறது, சோறும் காளானும் பொது. கணக்குப் போடுறது மச்சம் சாப்பிட்ட ஆக்களின்ர வேலை. சைவக்காரர் வாய் திறக்கத் தேவையில்லை.

போன நல்லூர்த் திருவிழாவுக்குள்ள சைனீஸ் ஆசை வந்து தாங்கேலாமல், எங்களில் ஒருத்தியின்ர வீட்டில் சமைச்சம். டோஃபு, காளான், கரட், கோவா, ஊறவச்ச சேமியா. சைவத் தாச்சி, சைவ அகப்பை. விகாரைக் கணக்குப்படி உள்ளியும் இல்லை, வெங்காயமும் இல்லை. அவளின்ர அம்மா குசினிக்குள்ள எட்டிப் பார்த்தா, மணந்து பார்த்தா.

"உள்ளி போடாமல் என்ன சைனீஸ் பிள்ளையள்?"