நிற்கத் தெரிந்தால் போதுமா?

கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. சென்னையை அடுத்த கோவளம், ஜூலை மாத ஞாயிறு, காலை ஆறரை மணி. 'இன்னிக்கு ஜாலிதான்!' என்று நினைத்துக்கொண்டார், 45 வயதான அந்த வங்கி ஊழியர். பலகையின் மேல் நின்றபடி நீளத் துடுப்பால் வலித்துப் போகும் 'ஸ்டாண்ட் அப் பேடில்' பழகுகிறார். விழுந்து எழுந்து, நிற்கவே நாலு வாரம் ஆனது.

பயிற்சி தரும் மீனவர் வீட்டு இளைஞர் காய்ந்த மணலை அள்ளி விட்டார். அது கடல் பக்கம் பறந்தது.

"கச்சான்க்கா. தூரத்துல தண்ணி கறுத்துத் தெரியுது பாருங்க, அந்தப் பக்கம் போயிடாதீங்க."

மேற்கிலிருந்து வீசும் காற்றுதான் கச்சான். தென்மேற்குப் பருவகாலக் காலைகளில் இங்கே சகஜம். கட்டடங்களும் மரங்களும் மறைப்பதால் கரையோரத் தண்ணீர் அமைதியாக இருக்கும். மறைப்பு முடிகிற இடத்தில் காற்று பிடிக்கும். பிற்பகலில் கடல்காற்று வந்தால் கதை வேறு. அலை உருட்டினாலும் கரைக்குத்தான் தள்ளும். பார்க்கப் பயமுறுத்தும் காற்றைவிட, முதுகைத் தடவிக்கொண்டே கூட்டிப்போகிற காற்றுதான் பொல்லாதது.

அவருக்கும் அதுதான் நடந்தது. துடுப்பைத் தொட்டாலே பலகை வழுக்கிக்கொண்டு ஓடியது. நமக்கு நன்றாகவே வந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தால், தேவாலயம் கையளவு!

பலகையைத் திருப்பி வலித்தார். இருபது முறை. இருந்த இடத்திலேயே இருந்தார். நிற்கிற ஆள் காற்றுக்கு ஒரு பாய்மரம் அல்லவா?

விசில் சத்தம். இன்னொரு பலகையில் இளைஞர் வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, முட்டி போடுங்க!"

மனசு வரவில்லை. நாலு வாரப் பாடாயிற்றே!

"எங்க தாத்தா கட்டுமரத்துல முட்டி போட்டுத்தான் வலிப்பாரு. உக்காருங்கக்கா!"

ஆங்கிலத்துக்கு 'கட்டமரான்' என்ற சொல்லையே கொடுத்தது நம் கட்டுமரம்தான். நின்றுகொண்டு வலிக்கும் இந்த விளையாட்டு ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. முட்டி போட்டு வலிப்பதோ கோவளத்துக்குப் பழைய பழக்கம்.

முட்டி போட்டார். பலகை நகர்ந்தது. நடுவில் ஒரு பலமான வீச்சு வர, துடுப்பை நெஞ்சுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்துக் கைகளால் தள்ளினார். இளைஞர் பக்கத்திலேயே வந்தார். "தண்ணியில விழுந்தாலும் பலகையை மட்டும் விட்டுடாதீங்க. அதுதான் உங்க படகு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

போக ஐந்து நிமிடம். திரும்ப அரை மணி நேரம்.

கரையில் டீ தம்ளரைப் பிடிக்கக்கூடக் கை நடுங்கியது. "இந்தக் காத்துல கரையை ஒட்டியே வலிக்கணும்க்கா. வெளிய போயிட்டா, களைச்ச பிறகு திரும்பி வர்றது கஷ்டம்" என்றார் இளைஞர். அவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், "எப்படிம்மா இருந்துச்சு?"

"முட்டி சிராய்ச்சிடுச்சுடி. அந்தத் தேங்காய் எண்ணெயை எடு."