விபூதி தேய்த்த வெள்ளி

ஆகஸ்ட் 4, ராயக்கோட்டை

அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது தாத்தாவின் பாக்கெட் கடிகாரம் கிடைத்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை போன சின்ன ரயிலில் அவர் கார்டு. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். போர்க்காலத்தில் அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள்.

வெள்ளி கறுத்திருக்கிறது. பின்மூடியின் ஓரத்தில் பூக்கொடி வேலைப்பாடு அப்படியே இருக்க, நடுவில் மட்டும் மழமழவென்று தேய்ந்துபோயிருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் பாட்டி விபூதி போட்டுத் தேய்ப்பாளாம். கொடியின் பள்ளத்தில் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 5

கடைத்தெருவில் ஓர் அடகுக்கடையில் காட்டினேன். உள்ளே இருக்கும் மெஷினைக் கழற்றிவிட்டு வந்தால் எடைக்கு எடுப்பாராம். திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, ஓசூர்

டைட்டன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். அங்கே பார்த்தது பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். சாவி கொடுக்கும் கடிகார வேலை அவருக்கு அப்பாவிடம் படித்தது.

மெல்லிய கத்தியால் மூடியை நெம்பினார். உள்ளே காட்டுக்கோழி முத்திரை, பக்கத்தில் 0.800. சுவிட்சர்லாந்து வெள்ளி, ஆயிரத்துக்கு 800 பங்கு. எனாமல் டயலில் நாலு மணிக்கருகே முடி போல ஒரு விரிசல். மெயின்ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. எண்ணெய்தான் பிசினாகிவிட்டது. பேலன்ஸ் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"எங்கேயோ விழுந்திருக்கு சார். அந்தக் காலத்துல அதிர்ச்சி தாங்குற அமைப்பு கிடையாது. ஸ்டாஃப் முனை ஒடஞ்சிருக்கு."

ஸ்டாஃப் என்றால் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு. அதன் முனை தலைமுடி கனம்தான். பாகம் கடையில் கிடைக்காது, லேத்தில் கடைந்துதான் போட வேண்டும். ஒரு மாதம் கேட்டார்.

பாலிஷ் போடலாமா என்றேன்.

"வேணாம் சார். ஒவ்வொரு தடவையும் வெள்ளிதான் கரையும். மிச்சம் இருக்கிற பூவும் போயிடும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்த மழமழப்பு பாட்டியின் கட்டைவிரல் பட்ட இடம்.

உள்மூடியைச் சாய்த்துப் பிடித்து லென்ஸைக் கொடுத்தார். ஊசியால் கீறிய பொடி எழுத்துகள், மூன்று வெவ்வேறு கையில். ரிப்பேர் செய்தவர்கள் போட்டுவிட்டுப் போன அடையாளம். ஒன்றில்கூடத் தேதி இல்லை.

"முடிஞ்சதும் நீங்களும் கீறிடுங்க, தேதியோட" என்று சொல்லிவிட்டு வந்தேன்.