நூறும் ஆயிரமும்

"ஏட்டி, அது ரூவா இல்ல, முட்டாயி!" என்று அத்தை தொடையில் தட்டிச் சிரிப்பாள். பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில், நான் ஏழாவது படிக்கையில் அவள் சொன்ன கொலைக் கதை அது. எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரியும், மூலையில் உட்கார்ந்து பின்னல் போடும் ஒரு கிழவியும்தான். யார் எழுதியது என்று கேட்டால், "பொம்பளதான் எழுதுனா. ஆம்பளைக்கு அடுப்பாங்கரை தெரியுமா?" அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

தமிழ்க் கதை என்று நானாக முடிவுகட்டினேன். வை.மு.கோதைநாயகியின் நாவல்களில் தொடங்கி, பைண்டு செய்த பழைய வார இதழ்களில் இரண்டு கோடை விடுமுறைகள் போயின. ஒரு தொகுப்பில் துப்பறியும் கதையொன்றின் கடைசிப் பக்கத்தைக் காணோம். பின்பக்கத்துக் கோலத்துக்காக யாரோ சதுரமாகக் கத்தரித்திருந்தார்கள். அந்த ஓட்டைக்குள்தான் என் மிட்டாய் இருக்கிறதென்று மூன்று மாதம் நம்பி, வேறொரு பிரதிக்கு அலைந்தேன். கிடைத்தது. வைர அட்டிகை திருட்டு.

மறுபடி அத்தையிடம் போனேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஒருத்திக்கு வச்ச கஞ்சிய இன்னொருத்தி குடிச்சிருவா" என்றாள்.

அந்தக் கஞ்சிதான் வழிகாட்டியது. அகதா கிறிஸ்டி, 1927 டிசம்பர், ராயல் மேகசின்: மிஸ் மார்ப்பிள் முதன்முதலாகத் தலைகாட்டும் சிறுகதை. கணவன் எழுதிய கடிதத்தின் மை, ஒற்றுத்தாளில் 'நூறுகள், ஆயிரங்கள்' என்று பதிந்திருக்கிறது. மனைவியின் சொத்துக்காகக் கொலை என்று எல்லோரும் பணத்தையே பார்க்கிறார்கள். கதையைச் சொல்பவர் ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் கமிஷனர். கேட்பவர்கள் வக்கீல், பாதிரியார், எழுத்தாளர், ஓவியர். கிழவிக்கு மட்டும் ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌசண்ட்ஸ் என்பது டிரைஃபிள் என்ற இனிப்பின் மேல் தூவும் கலர் சீனி மணி என்று தெரியும். அதில்தான் பாஷாணம். கணவன் தன் பங்கில் தூவியிருந்ததைச் சுரண்டி ஒதுக்கிவிட்டான். கஞ்சி சும்மா கண்கட்டு.

எனக்கு இன்னும் பிடித்தது தொடக்கம். ஆளுக்கொரு புதிர் சொல்லும் மன்றத்துக்கு ஆள் எண்ணுகிறார்கள், ஐந்து பேர். என்னை விட்டுவிட்டாயே கண்ணு என்கிறாள் கிழவி, புன்னகையோடு. இந்தச் சிரிப்பை எழுத, கூடத்தில் எண்ணப்படாமல் உட்கார்ந்திருந்த அனுபவம் வேண்டும்.

சரி, இந்தக் கிழவி எங்கிருந்து வந்தாள்? கிறிஸ்டியின் 'ரோஜர் ஆக்ராய்ட்' நாவலில் டாக்டரின் அக்கா கரோலின் வருவாள். அதை நாடகமாக்கியவர் அவளைத் தூக்கிவிட்டு ஓர் இளம்பெண்ணைப் போட்டார். அந்த வருத்தத்தில் பிறந்தவள் மார்ப்பிள் என்பது வழக்கமான கதை. ஆனால் நாடகம் மேடையேறியது 1928 மே மாதம். கிழவி ஐந்து மாதம் முந்திவிட்டாள். நாடகப் பிரதியை முன்பே படித்து மனம் கசந்திருக்கலாம்தான். எனக்கு அதைவிட நம்பிக்கை தந்தது கிறிஸ்டியின் பாட்டி. கலகலப்பானவள், ஆனால் எவரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பாளாம், பெரும்பாலும் அதுவே பலித்துவிடுமாம்.

அந்தக் கதையை அத்தையிடம் படித்துக் காட்டினேன். பேக்கரியில் வாங்கிப்போன மணிகளையும் கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கடுகைவிடச் சிறிசு.

"இதப் போயி ரூவான்னு நெனச்சானுவளே!"