செலரிப் பாத்தியும் செவ்வாய்க்கிழமைகளும்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் வட்டாரப் பண்ணைகளில் வாழும் ஆமிஷ் மக்கள், 1693இல் யாக்கோப் அம்மானைப் பின்பற்றி அனபாப்டிஸ்ட் சபையிலிருந்து, அதாவது அறிந்து ஏற்பவருக்கே ஞானஸ்நானம் என்று கொண்ட கிறிஸ்தவரிடமிருந்து, பிரிந்தோரின் வழிவந்தவர்கள். 1890இல் ஒஹையோவில் தொடங்கிய ‘தி பட்ஜெட்’ வார இதழுக்கு ஊர்தோறும் ஒருவர் எழுதியனுப்பும் மடல்களில் மழை, விளைச்சல், விருந்தினர், பிறப்பு, இறப்பு எல்லாம் இருக்கும். எழுதியவரின் மனக்கலக்கம் மட்டும் பெரும்பாலும் இராது. பின்வரும் குறிப்புகளும் அவ்வகையினவே. ஏழெட்டுப் பிள்ளைகளும், ஒட்டிக் கட்டிய ‘கிராஸ்டாடி ஹவுஸ்’ என்னும் தாத்தா வீட்டில் முதியோருமாக வாழும் பண்ணைக் குடும்பங்களின் பொதுவழக்கத்தையே இவை பதிவு செய்கின்றன. தனியொரு வீட்டை அல்ல.

அக்டோபர் தொடக்கம், திங்கள்

விடியுமுன் பால் கறவை. பிறகு துணி துவைப்பு. மின்வாரியக் கம்பி வீட்டுக்குள் வருவதில்லை, ஆனால் கறந்த பால் டீசல் எஞ்சினின் துணையால் குளிர்விக்கப்படுகிறது. எது ஆகும், எது ஆகாது என்பதை ‘ஆர்ட்நுங்’ என்னும் சபை ஒழுங்கு வரையறுக்கிறது. தந்தையும் மூத்த பையன்களும் கோவேறு கழுதைகளைப் பூட்டி மக்காச்சோளம் அறுவடை செய்ய, சிறியவர்கள் ஓரறைப் பள்ளிக்குச் செல்கின்றனர். படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதற்குமேல் கட்டாயப்படுத்தலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. வீட்டில் இருக்கும் பெண்கள் ஆப்பிளைச் சீவி உலர்த்துகின்றனர். அந்த வற்றலுக்கு ‘ஷ்னிட்ஸ்’ என்று பெயர்.

அக்டோபர் 11

தூய மிக்கேல் நாள், உபவாசம். அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்துக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒழுங்கை ஏற்பதாகவும் பிறரோடு சமாதானமாக இருப்பதாகவும் சொல்ல வேண்டும். மனத்தாங்கல் தீராவிட்டால் திருவிருந்தே தள்ளிப்போகலாம் என்பதால், வேலித் தகராறுகூட இந்த வாரங்களில் சபையின் விவகாரமாகிவிடுகிறது.

அக்டோபர் பிற்பகுதி, ஞாயிறு

இவர்களுக்குத் தனி ஆலயக் கட்டடம் இல்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டில் கூடுவர், விசுப்பலகைகள் வண்டியேறி வீடுவீடாகச் செல்லும். இன்று திருவிருந்து, ஆராதனை காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நீள்கிறது. இறுதியில் இருவர் இருவராகக் குனிந்து ஒருவர் காலை மற்றவர் கழுவுகின்றனர்.

நவம்பர், முதல் ஞாயிறு

கோடைக்கால நேரம் முடிந்து, நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னே நகர்த்தப்பட்டன. மாடுகளுக்குச் செய்தி எட்டவில்லை.

நவம்பர், செவ்வாய்

மகளின் திருமணம். திருவிருந்துக்குப் பின்னர் சபையில் அறிவிக்கப்படும்வரை மணஉறுதியை மறைத்து வைப்பது மரபென்றாலும், கோடையில் வழக்கத்துக்கு மிஞ்சிச் செலரிக் கீரை நட்ட வீட்டின் இரகசியத்தை அக்கம்பக்கத்தார் அப்போதே ஊகித்திருப்பர்; மணவிருந்தில் செலரி சமையலாகவும் வரும், மேசை அலங்காரமாகவும் நிற்கும். அறிவிப்பு வாசிக்கப்படும் ஞாயிறன்று மணமகள் கூட்டத்துக்கு வராமல், வீட்டிலேயே சமைத்து மணமகனுக்காகக் காத்திருப்பது பழைய வழக்கம். சில நூறு பேர் வரக்கூடிய இந்த மணவிழாக்கள் அறுவடை முடிந்த செவ்வாய், வியாழன்களிலேயே பெரும்பாலும் நடப்பதன் காரணம் நாள்நட்சத்திரம் அன்று: முந்தைய நாள் சமையல் ஏற்பாட்டுக்கும் மறுநாள் துப்புரவுக்கும் வேண்டும், அவ்விரண்டும் ஞாயிற்றைத் தொடவும் கூடாது. காலையில் மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட ஆராதனை. மோதிரம் மாற்றுவதில்லை. பிறகு ரொட்டித்துண்டு கலந்த வறுத்த கோழி, உருளைக்கிழங்கு மசியல், செலரி. பந்தி பந்தியாக உறவினரே பரிமாறுகின்றனர்.

புதன்

முதல் இரவை மணமகள் வீட்டில் கழித்த மணமக்கள், விடிந்ததும் பெரியவர்களோடு சேர்ந்து விருந்துத் துணிகளைத் துவைத்துக் கொடியில் உலர்த்துகின்றனர். வசந்தத்தில் தனிக்குடித்தனம் போகும்வரை, வார இறுதிகளில் உறவினர் வீடுகளுக்குச் சென்று தங்கிப் பரிசுகளைப் பெற்றுவருவர். கறவை வழக்கம்போல்.