மலையில் ஓடக் கற்றவன்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, இந்நாளில் நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. காரவள்ளியிலிருந்து செல்லும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மலைமேல் சேர்கிறது. அங்கே அறப்பளீசுவரர் கோயிலின் அருகிலிருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஆகாயகங்கை அருவியின் அடிக்கு இறங்குகின்றன.

பள்ளி ஓட்டப் பந்தயங்களில் பரிசு பெற்ற மாணவன் ஒருவன் அப்படிகளில் ஓடிப் பார்க்க விழைந்தான். பிற மலைகளில் ஏற்றம் முன்னும் இறக்கம் பின்னும் வரும். இங்கோ முறை மாறிக் கிடக்கிறது. கடன் வாங்கிச் செலவிடுவோன் வட்டியை மறப்பதுபோல, அவன் துள்ளித் துள்ளி இறங்கினான். அருவியில் நீராடிவிட்டு, அதே விரைவோடு ஏறவும் தொடங்கினான். இருநூறு படிகள் ஏறுமுன் மூச்சு முட்டியது, கண் இருண்டது. படியிலேயே அமர்ந்துவிட்டான்.

அப்பொழுது மலைவாழ் மூதாட்டி ஒருத்தி தலைச்சுமையோடு ஏறி வந்தாள். அவள் நடையில் விரைவும் இல்லை, தளர்வும் இல்லை.

“பாட்டி, உங்களுக்கு மூச்சு வாங்கவில்லையா?” என்றான் மாணவன்.

“வாங்காமல் என்ன, கண்ணு! வாங்குகிற அளவுக்குத்தான் கால் வைக்கிறேன். நீ ஓடவும் வேண்டாம், உட்காரவும் வேண்டாம், என் பின்னாலேயே வா” என்றாள் அவள்.

பின்தொடர்ந்தவன் மேலே வந்து சேர்ந்தான். நாணமும் உடன் வந்தது. ஆனால் அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பாப் கிரகாம் என்பவர் 1932ஆம் ஆண்டில் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஏறியிறங்கிக் காட்டினார். அவ்வழியில் இன்று செல்லும் ஓட்டக்காரர்களும் செங்குத்தான ஏற்றங்களில் நடக்கவே செய்கின்றனர். மலையோட்டம் என்னும் பெயர் ஓரளவு பொய்ப்பெயரே எனலாம்!

மறுநாள் அவனுக்கு வேறொரு வியப்பு காத்திருந்தது. தொடைகள் கல்லாய் இறுகி வலித்தன. அவ்வலியைப் பெரிதும் தந்தது ஏற்றம் அன்று, இறக்கமே. இறங்கும்போது தொடைத் தசை உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. பழகாத தசைக்கு அது பெருந்துன்பம். ஆதலின் மலையோட்டம் பயில்வோர் சிறு குன்றில் தொடங்கி, இறக்கத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். இறங்குகையில் அடிகள் குறுகியும் விரைந்தும் அமைதல் நன்று. பார்வை சில அடிகளுக்கு முன்னே செல்லவேண்டும். மழையில் நனைந்த படிகளில் ஓடுதல் கூடவே கூடாது. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறாமல் புறப்படுதலும் தகாது.

அம்மாணவன் ஊரருகே இருந்த சிறு குன்றில் மூன்று திங்கள் பயின்றான். மீண்டும் கொல்லிமலை சென்றபோது, படிகளில் மெல்ல இறங்கி, அருவியில் முகம் மட்டும் கழுவிக்கொண்டு, ஏறத் தொடங்கினான். வழியில் எங்கும் அவன் அமரவில்லை. பெரும்பாலும் நடந்தான், படிகள் சரிவு குறைந்த இடங்களில் மட்டும் ஓடினான். கோயிலருகே வந்தபோது மூச்சு சீராக இருந்தது. தொடைகள் மட்டும் சற்றே நடுங்கின. மூதாட்டியைத் தேடினான். அன்று அவள் அங்கே இல்லை.