அரசன் பெயர் எழுதாத பாறை

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. ஊர் சிறியது, குன்றும் பெரிதில்லை. ஆனால் அதன் அடிவாரத்துச் சிகாநாதசுவாமி கோயிலைப் பார்த்து முடிக்க ஒரு பகல் போதாது.

முன்மண்டபத்திலேயே கால்கள் நின்றுவிடுகின்றன. நாயக்கர் காலத் தூண்கள். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், குதிரை வீரர்கள், ரதி, மன்மதன் என்று ஆளுயரச் சிற்பங்கள். ஒற்றைக் கல்லில் விரல் நகம் வரை செதுக்கியிருக்கிறார்கள்.

ஊர்ப் பெயருக்குக் கோயிலில் ஒரு கதை சொல்கிறார்கள். சாமிக்குச் சாத்த வேண்டிய மாலையை அர்ச்சகர் தன் பிரியத்துக்குரியவளுக்குச் சூட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து அரசன் வர, அதே மாலையை எடுத்துக் கொடுத்தார். அதில் நீளமாக ஒரு தலைமயிர். “இது எப்படி?” என்றான் அரசன். “சாமிக்குக் குடுமி உண்டு” என்று அர்ச்சகர் சாதித்தார். அவரைக் காப்பாற்ற லிங்கமே குடுமி முடித்துக்கொண்டதாம். பூ வைத்துக்கொண்ட பெண்ணின் பெயர் கதையில் இல்லை.

கல்லில் பெண்ணின் பெயர் உண்டு. பாண்டியர் காலத்தில் இங்கே ஓர் அம்மன் சன்னதி எழுப்பியவர் உமையாள்நாச்சி என்ற தேவரடியார். ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட ஒரு பெண், தன் பொருளில் கோயில் கட்டித் தன் பெயரையும் பதிந்துவைக்கும் நிலையில் இருந்திருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ள கோயிலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

கோயிலுக்குப் பின்னால் மேலைக்கோயில் என்னும் குடைவரை. அதன் பக்கத்துப் பாறையில்தான், இசை படித்தவர்கள் தேடிவரும் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில், பழைய கிரந்த எழுத்தில் 38 வரிகள். மத்தியமக்கிராமம், சட்சக்கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று ஏழு பகுதிகள். நான்கு நான்கு சுரங்களாகக் கட்டிக்கொண்டு போகிறது வரிசை. ஒரே சுரம் அ, இ, உ, எ என்று உயிர் மாறி மாறி வருகிறது. சில எழுத்துகளின் தலையில் புள்ளி வேறு. 1904இல் இதைப் படியெடுத்தார்கள். பி.ஆர். பண்டார்கர் எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார். உயிர்மாற்றம் சுருதி நுட்பமா, வீணையில் விரல் வைக்கும் முறையா, புள்ளி எதற்கு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

முடிவில் வடமொழியில் ஒரு குறிப்பு. உருத்திராச்சாரியாரின் மாணவனும் சிவபக்தனுமான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இவற்றைச் செய்தான் என்கிறது. அதோடு, ஏழுக்கும் எட்டுக்கும் இவை பொருந்தும் என்று தமிழில் ஒரு சிறு வரி. யாழின் நரம்புகளைச் சொல்வதாகக் கொள்கிறார்கள். கலைகளில் தோய்ந்த மகேந்திரவர்மப் பல்லவன்தான் அந்த அரசன் என்று நெடுநாள் நம்பினார்கள். பல்லவர் கை இவ்வளவு தெற்கே எட்டியதா என்று மறுப்பவர்களும் உண்டு. பாறையைக் கேட்டால் பதில் வராது. குருவின் பெயரை எழுதியவன் தன் பெயரை எழுதவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு குன்றேறினால், உச்சிப்பக்கப் பாறையில் இடப வாகனத்தில் சிவனும் பார்வதியும். இருபுறமும் அறுபத்துமூவர் வரிசை. குயவர், வண்ணார், வேடர், அரசர் எல்லாரும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில்.

சாடவத்தையும் கைசிகத்தையும் இன்று மேடையில் யாரும் அந்த வடிவில் பாடுவதில்லை. ஆனால் இசைக் கல்வெட்டுள்ள அந்தப் பாறையை மெய்மறந்து பார்க்கும் பொருளாகச் செய்யவில்லை, பாடம் படிக்கச் செய்தார்கள். அந்த மன்னனைக் கண்டுபிடிப்பது ஆராய்ச்சியாளர் பாடு. இசைக் கல்லூரி ஆசிரியர்கள் வருடத்துக்கு ஒரு வகுப்பையாவது அந்தப் பாறையடியில் நடத்தலாம். எழுதியவன் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான்.