அத்தையோடு காலாப்பட்டுக்கு

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் புதுச்சேரிக்காரன் செய்தாக வேண்டிய கடமைகள் சில உண்டு. காலையில் மணக்குள விநாயகர், மத்தியானம் ஆரோவில் உருண்டை, சாயங்காலம் காந்தி சிலை. போன மே மாதம் கோவில்பட்டியிலிருந்து அத்தை குடும்பத்தோடு வந்தபோது இந்த வரிசை கலைந்துபோனது. பிளஸ் டூ முடித்து க்யூட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பேத்தி, "யுனிவர்சிட்டியைப் பார்க்கணும் மாமா" என்றாள். படுத்திருந்த அத்தை எழுந்து உட்கார்ந்தாள்.

"அங்கனதான நைனா வாத்தியாரா இருந்தாரு? நானும் வாரேன்யா."

நைனா என்றால் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். அத்தை வாக்கப்பட்ட ஊருக்கும் அவருடைய ஊரான இடைசெவலுக்கும் கூப்பிடு தூரம். அவள் அவரைப் படித்தவள் இல்லை, பார்த்தவள்.

எலுமிச்சம்பழச் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். புதுச்சேரியிலிருந்து புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குத் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும் என்பதை வெளியூர்க்காரர்கள் லேசில் நம்புவதில்லை. முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம். பொம்மையார்பாளையமும் அப்படித்தான். பிறகு பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்று மறுபடியும் நம் ஊர் வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகச் சேர்த்த நிலம் இன்னும் அந்தத் துண்டுகளாகவே கிடக்கிறது. அத்தை மகன் இதை மதுக்கடைகளை வைத்தே கண்டுபிடித்தான். "கடை மறைஞ்சு போச்சு, இப்பத் திரும்ப வந்துட்டு. அப்போ இது பாண்டிதான மச்சான்?"

வாசலில் காவலர் விவரம் கேட்டுக்கொண்டு உள்ளே விட்டார். ஏறத்தாழ 800 ஏக்கர். செம்மண், முந்திரி, நடுநடுவே கட்டடங்கள். அங்கே சுற்றுலாக்காரன் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கோபுரம் கிடையாது, அருவி கிடையாது. அத்தை மகன் கண்ணில் பட்ட பெயர்ப் பலகைக்கு முன்னால் எல்லாம் எங்களை நிறுத்திப் படம் எடுத்தான். பல்கலைக்கழகச் சின்னத்தில் 'வேர் லா லுமியேர்' என்று பிரெஞ்சில் ஒரு வாசகம் உண்டு. ஒளியை நோக்கி என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழியில் வந்ததுதான் ஜிப்மர். பல்கலைக்கழகம் வந்ததோ அவர்கள் கப்பலேறி முப்பது வருஷம் கழித்து, 1985இல், டில்லி நாடாளுமன்றத்தின் சட்டத்தால். வாசகத்தில் மட்டும் பழைய பாசம் விடவில்லை.

பலகைகளைப் படித்துக்கொண்டே வந்த பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, இவங்கள்லாம் என்ன படிச்சவங்க?"

எனக்கு அதுவரை தோன்றாத கேள்வி. நூலகம் ஆனந்த ரங்கப் பிள்ளை பெயரில் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷாக இருந்து, 1736 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதியவர். தமிழ்ப் புலம் பாரதியார் பெயரில். காசியில் நுழைவுத் தேர்வில் தேறியதோடு சரி, பட்டம் வாங்கவில்லை. நாடகத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள். 1922இல் இந்த ஊரில் கண்ணை மூடியவர். மூவரும் இன்றைக்கு விண்ணப்பம் போட்டால் கணினி முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். பேத்தியோ பையில் க்யூட் வழிகாட்டிப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு நடந்தாள்.

முதல் துணைவேந்தர் கி. வேங்கடசுப்பிரமணியனை இதற்காகவே கும்பிடலாம். பள்ளிக்கூடத்தையே முடிக்காத கி.ரா.வை அழைத்துவந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆக்கினார். கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதி போட்டவருக்கு வேறு என்ன தகுதிச் சான்று வேண்டும்? ஆனால் அப்படிக் கேட்கிற துணிச்சல் எல்லா நாற்காலிக்கும் வாய்ப்பதில்லை. இங்கே கி.ரா. மாணவர்களை வைத்து இந்த வட்டாரத்துக் கதைகளைத் திரட்டினார். 'புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகள்' என்று புத்தகமாகவும் வந்தது. வேலை முடிந்தும் ஊர் திரும்பவில்லை. 2021 மே மாதம், லாஸ்பேட்டை வீட்டிலிருந்துதான் அவர் உடல் இடைசெவலுக்குப் போனது.

அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நிழலில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவனிடம் நேராகப் போனாள்.

"ஏய்யா, நைனா எங்கன ஒக்காந்து பாடஞ் சொன்னாரு?"

அவன் மலையாளப் பையன். மரியாதையாக எழுந்து நின்று, "எந்த டிபார்ட்மென்ட் அம்மா?" என்றான். அத்தை கொஞ்சம் யோசித்தாள். "கத சொல்லுத டிபார்ட்மென்ட்டு" என்றாள். பையன் சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான்.

மரத்தடியில் சோற்றைப் பிரித்தோம். முந்திரிப் பழம் ஒன்று விழுந்து நசுங்கிக் கிடந்தது. ஈ மொய்க்கிற இனிப்பு வாடை. அந்தப் பையனுக்கும் மூடியில் சோறு வைத்துக் கொடுத்தாள் அத்தை. வாங்கிச் சாப்பிட்டான்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் புடவைக் கரையை உதறினாள். வெள்ளைச் சரிகை சிவப்பாகியிருந்தது. கையால் தட்டினாள், தேய்த்தாள், எச்சில் தொட்டும் துடைத்தாள். போகவில்லை.

"நம்ம கரிசமண்ணு காஞ்சா உதுந்துரும்யா. இது ஒட்டிக்கிடுது" என்றாள். "இதுல முப்பது வருசம் எப்பிடித்தான் இருந்தாரோ நைனா!"

பஸ் வந்தது.